அடுப்புக்குக் கிழக்கால்

எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் திசையைத்தான் சொல்வோம். சர்க்கரை டப்பா அடுப்புக்குக் கிழக்கால் இருக்கும். சீப்பு கண்ணாடிக்குத் தெற்கால் கிடக்கும். கல்யாணப் பந்தியில்கூட, "வடக்கால ரெண்டு எலைக்கு ரசம் வரலப்பா" என்றுதான் குரல் கேட்கும். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்கு வேறு வழியும் இல்லை. பாத்திகள் எல்லாம் ஒரே அச்சு. நடுவில் அடையாளத்துக்கு ஒரு மரம் கிடையாது. பலகையைப் பிடித்து உப்பை இழுக்கிறவன் நிமிஷத்துக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருப்பான். அவனிடம் போய் இடது பக்கம் என்றால், யாருடைய இடது? "மேக்கு வரப்பு ஒடைஞ்சிடுச்சி, மண்ணு வெட்டிப் போடு" என்றால் அவன் தலைகீழாக நின்றாலும் புரியும். கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. கண்ணை மூடிக்கொண்டாலும் காற்று சொல்லிவிடும்.

என் அப்பா ஒரு முறை புதுச்சேரிக்குப் பல் டாக்டரிடம் போனார். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டதற்கு, "வடக்கால" என்றார். டாக்டர் ஒன்றும் புரியாமல் நாற்காலியை மறுபுறம் திருப்பி, விளக்கைப் போட்டு, இன்னொரு முறை கேட்டார். "இப்போ தெக்கால" என்றார் அப்பா. கடைசிவரைக்கும் அந்த டாக்டர் ஒழுங்காகப் படித்தவரில்லை என்றே அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த குடும்பம் எங்களுடையது. அதே பழக்கம் என் மனைவியோடு விமானம் ஏறி சிங்கப்பூர் வரை போகும் என்று யார் கண்டது?

அவளும் உப்பளத்து ஆள்தான். நான் இழுத்துக் குவிக்கும் உப்பை அவள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். மழை வந்துவிட்டால் பாத்தியெல்லாம் ஏரியாகிவிடும், இருவருக்கும் வேலை கிடையாது. எங்கள் ஒரே மகள் விழுப்புரத்தில் நர்சிங் சேர்ந்த வருஷம்தான் அந்த மழை மாதங்கள் எவ்வளவு நீளம் என்று எங்களுக்குத் தெரிந்தது. மழைக்கு உப்பளம் லீவு விடும், காலேஜ் பீஸ் விடாது. பக்கத்து ஊர் கூனிமேட்டில் தெரிந்த குடும்பம் ஒன்றின் மூலமாக அந்த வேலை வந்தது. சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

நான் வேண்டாம் என்று குதித்தேன்.

"அப்போ நீங்க போங்க" என்றாள்.

"என்னை எவன் கூப்புடுறான்?"

"அதான். யாரக் கூப்புடறாங்களோ அவங்கதானே போவணும்."

குதித்தவன் நானே அவளைப் பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆளை அனுப்புகிறவர்கள் புதுச்சேரியில் சில நாட்கள் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். வகுப்பில் ஒரு படம் கொடுத்திருந்தார்கள். ஒரு பெட்டி, ஒரு பூனை. பூனை பெட்டிக்குள் இருந்தால் இன், மேலே இருந்தால் ஆன், கீழே இருந்தால் அண்டர். பின்னால் ஒளிந்தால் பிஹைண்ட், பக்கத்தில் உட்கார்ந்தால் நெக்ஸ்ட் டு. அந்த வீடுகளில் நாள் முழுக்க அது எங்கே இது எங்கே என்றுதான் கேட்பார்கள், இதில் தடுமாறினால் வேலை நிலைக்காது என்று வகுப்பெடுத்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நான் ப்ளஸ் டூ வரை போய்த் தோற்றவன். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற மாதிரி எங்கள் வீட்டுக்கு நான்தான் இங்கிலீஷ்.

சாயங்காலம் அவள் சமைக்கும்போது நான் அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

"வேர் ஈஸ் த கப்?"

"த கப் ஈஸ்..." கரண்டியோடு நின்று யோசிப்பாள். "அடுப்புக்கு மேக்கால. அதுக்கு இன்னா?"

"அதெல்லாம் அங்க செல்லாது. நெக்ஸ்ட் டு த ஸ்டவ்."

"நெக்ஸ்டுன்னா எந்தப் பக்கத்து நெக்ஸ்டு? இந்தப் பக்கமும் நெக்ஸ்டு, அந்தப் பக்கமும் நெக்ஸ்டு. கேக்கறவ எங்கன்னு தேடுவா, பாவம்?"

பிஹைண்ட் வந்தபோது பெரிய சண்டையே வந்தது. கதவுக்குப் பின்னால் ஏணி இருக்கிறது என்கிறோம், வெளியிலிருந்து வருகிறவனுக்குத்தானே அது பின்னால், உள்ளே படுத்திருக்கிறவனுக்கு அது முன்னால்தானே என்றாள். ஆள் நகர்ந்தால் பொருளின் இடம் மாறிவிடுமா என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் போக முடியாதே. நான் வாத்தியார் மாதிரி கரண்டியைப் பிடுங்கி ஸ்டூலைத் தட்டினேன். அவள் சிரித்தாள். அந்தச் சாயங்காலங்கள் முடியாமலே இருந்திருக்கலாம், அவளுக்கு இங்கிலீஷே வராமல் போயிருக்கலாம்.

வந்துவிட்டது. போய்விட்டாள்.

போன புதிதில் வேலை முடிந்து தன் அறைக்கு வந்ததும் போன் செய்வாள். அங்கே இருட்டி வெகுநேரமாகியிருக்கும், எனக்கு இங்கே விளக்கு வைக்கும் நேரம். முதல் சில நாட்கள் எல்லாம் சரி என்றுதான் சொன்னாள். பிறகு ஒரு நாள் அழுதாள். வேலை கஷ்டமா என்றேன். இல்லை. சாப்பாடா? இல்லை.

"இங்க கெழக்கு எதுன்னே தெரியலங்க."

பன்னிரண்டாவது மாடி. நான்கு பக்கமும் அதே உயரத்துக்குக் கட்டடம். சூரியன் எங்கிருந்தோ வருகிறது, எங்கேயோ போகிறது, வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. லிப்டில் ஏறி இறங்கினால் இருந்த கொஞ்சநஞ்சத் திக்கும் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் யாரும் வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டோம். அங்கே கட்டிலைச் சுவரோடு சேர்த்து அடித்து வைத்திருந்தார்களாம். தான் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறோம் என்றே தெரியாமல் தூக்கம் வரவில்லை என்றாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது என்பார்களே, அது இதுதான்.

அதைவிடப் பெரிய வினை இன்னொன்று இருந்தது. அந்த வயதான அம்மா மூக்குக் கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டு எங்கே எங்கே என்று கேட்பவர். கண்ணாடி கண்ணெதிரே இருக்கும். என் மனைவி பதில் சொல்ல வாயைத் திறப்பாள், மனது முதலில் போய் திசையைத் தேடும், அது கிடைக்காது, வாய் திறந்தபடியே நிற்கும். இந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷே புரியவில்லை என்று அவளை வேலைக்கு வைத்த வீட்டுக்காரம்மா ஏஜெண்டுக்குச் சொல்லிவிட்டார். இந்த மாதம் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று ஏஜெண்ட் அவளிடம் சொன்னான்.

திரும்பி வரட்டுமே என்று என் மனதின் ஒரு பாதி குதித்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"வீட்டுல கேட்ட மாதிரி கேளுங்க. நம்ம வீட்டு சாமானத்தையே கேளுங்க. அதுங்க எங்க இருக்குதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், வார்த்தை மட்டும் தேடுனா போதும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே கேட்பேன், அவள் கடல் தாண்டி இருந்து பதில் சொல்வாள். த ஷுகர் ஈஸ் ஆன் த ஷெல்ஃப். த லேடர் ஈஸ் பிஹைண்ட் த டோர். அருவாமணைக்கு இங்கிலீஷ் எங்கள் இருவருக்கும் தெரியாததால் அதை அப்படியே விட்டோம்: த அருவாமணை ஈஸ் அண்டர் த ஸ்டூல். அந்த மாதம் கழிந்தது, அவளை அனுப்பவில்லை. வீட்டுக்காரம்மா அவளைத் தட்டிக்கொடுத்தாராம். வேலை நிலைத்தது, விளையாட்டும் நிலைத்தது. பிறகு அவள் கேட்பாள், நான் சொல்வேன். கடைசிக் கேள்வி எப்போதும் கட்டில்தான்.

"வேர் ஈஸ் த காட்?"

"பிட்வீன் த டோர் அண்ட் த பீரோ."

"ம்" என்பாள். அந்த 'ம்'மோடு போனை வைத்துவிடுவாள்.

அதிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வீட்டில் எந்தச் சாமானையும் நகர்த்தக் கூடாது என்று முடிவு செய்தேன். என் பயம் ஒன்றே ஒன்றுதான். அவள் திரும்பி வரும்போது இந்த வீடு அவளுக்கு வேற்று வீடாகிவிடக் கூடாது. விட்டுவிட்டுப் போன இடத்தில் எல்லாம் இருக்க வேண்டும், கை நீட்டினால் சர்க்கரை கிடைக்க வேண்டும். அப்போதுதான் அவள் வந்தவளாக இருப்பாள், விருந்தாளியாக அல்ல.

பொங்கலுக்கு மகள் வந்தாள். நான் உப்பளத்துக்குப் போய்விட்டு வெயில் ஏறித் திரும்பினால் வீடு வேறு யாருடையதோ போல இருந்தது. கழுவித் துடைத்து, அடுப்படி டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி, ஸ்டூலைக் கொண்டுபோய் வாசலில் போட்டிருந்தாள். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றாள், பாவம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போனது. சாயங்காலம் அம்மா போன் செய்வதற்குள் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்தாக வேண்டும் என்று நானே ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கி வைத்தேன்.

"ப்பா, இது வூடா மியூசியமா?" என்றாள் மகள்.

"உங்கம்மா வர்ற வரைக்கும் மியூசியந்தான். டிக்கெட் வாங்கிக்கிட்டு உள்ள வா."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் ஸ்டூலை அவளே கொண்டுவந்து அடுப்படி வாசலில் போட்டாள்.

அடுத்த மழையில் ஷீட்டுக் கூரையில் விரிசல் விட்டது. சரியாகக் கட்டிலுக்கு மேலே, அதிலும் அவள் படுக்கும் பாதிக்கு மேலே. புத்தியுள்ளவன் கட்டிலை நகர்த்துவான். நான் பக்கெட்டைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தேன். மழைக்காலம் முழுக்க அவள் பக்கத்தில் பக்கெட் படுத்திருந்தது, என் பக்கத்தில் நான் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடந்தேன். நெஞ்சில் சளி கட்டி இருமினேன். போனில் கேட்டால் உப்புக் காற்று என்று சொன்னேன். கட்டில் எங்கே என்று அவள் கேட்கும்போது, கதவுக்கும் பீரோவுக்கும் நடுவில் என்று சொல்ல வேண்டும், அது நிஜமாகவும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

ஆனால் அவள் பேச்சு மெல்ல மாறியது. "ரைட் சைடு ஷெல்ஃப்புல ஜீரகம் இருக்குதா?" என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அடுப்படிக்கு வலது இடது எப்போது வந்தது? வடக்குச் சுவர் ஷெல்ஃப் அது. பிழைக்கப் போன இடத்துப் பேச்சு ஒட்டத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் ஆகவில்லை.

இரண்டு வருஷம் முடிந்து லீவில் வந்தாள். உடம்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. பேச்சில் அவசரம் கூடியிருந்தது. வந்த அன்றே நான் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போனாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. பாலை வைத்தாள். கை தானாக நீண்டது, வலது பக்கம், ஒன்றுமே இல்லாத சுவருக்கு. சுவரைத் தொட்டுவிட்டு ஒரு கணம் நின்றாள்.

"அந்த வூட்டுல சர்க்கர இந்தப் பக்கம் இருக்கும்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். மனதுக்குள் எல்லாம் சரிந்துவிட்டது. இரண்டு வருஷம் ஒரு டப்பாவைக்கூட நகர்த்தாமல் காத்தேன், நகர்ந்தது அவள் கை.

அடுத்த நாள் பாயை உதறும்போது கட்டிலின் ஒரு பக்கக் கால்கள் மட்டும் துருப்பிடித்திருந்ததைப் பார்த்தாள். "இன்னா இது?" என்றாள். "உப்புக் காத்து" என்றேன். "உப்புக் காத்து ஒரு பக்கந்தான் அடிக்குமா?" என்று கேட்டுவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். வெயில் நாள் என்பதால் விரிசல் வழியே ஒரு கோடு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. பிறகு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் தப்பித்தேன் என்று இருந்துவிட்டேன்.

லீவு முடியப்போகும் சமயத்தில்தான் இன்னொரு இரண்டு வருஷத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். மகளுக்குப் படிப்பு முடியவில்லை, அந்த அம்மா வேறு ஆளை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார், இப்படிக் காரணங்கள். காரணங்களில் ஒரு குறையும் இல்லை. நான்தான் மறுநாள் உப்பளத்தில் மேட்டைத் தாண்டிப் பலகையை இழுத்துவிட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

வழியனுப்ப மகளும் வந்திருந்தாள். கிளம்பும் நாள் விடியும்போதே கார் வர வேண்டும். வரவில்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய், அவன் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். வந்தால் அம்மாவும் மகளும் பெட்டிகளோடு வாசலில் நிற்கிறார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கதவைப் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் அவளே போட்டாள்.

"தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்றேன்.

"வண்டியில பாட்டில் இருக்குது. நேரமாச்சி, ஏறுங்க."

சென்னை ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாள். கையை மட்டும் காட்டினாள். மகள் அங்கிருந்தே விழுப்புரம் பஸ் ஏறிவிட்டாள். நான் மட்டும் தனியாக வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. கதவைத் திறந்தேன்.

வீடு திசை மாறியிருந்தது. கட்டில் பின்பக்கச் சுவரோரம், விரிசலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கிடந்தது. பீரோ கதவுப் பக்கம் வந்திருந்தது. விரிசலுக்கு நேர் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் தரை. அடுப்படியில் ஒரு டப்பாகூடப் பழைய இடத்தில் இல்லை. டீத்தூளுக்குக் கை நீட்டினால் உளுந்து வருகிறது. சர்க்கரை எங்கேயும் இல்லை. இரண்டு வருஷம் நான் காத்ததை ஒரு விடியற்காலையில் அம்மாவும் பெண்ணும் கலைத்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் உளுந்து டப்பாவைத் தரையில் வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. டீ குடிக்காமலே உட்கார்ந்திருந்தேன். இனி இந்த வீட்டில் அவள் வைத்துவிட்டுப் போனது என்று எதைச் சொல்வேன்?

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வந்தது.

"போய்ச் சேந்துட்டேன். டீ குடிச்சீங்களா?"

"சர்க்கர எங்கம்மே?" என்று கத்தினேன். "எல்லாத்தையும் இன்னா செஞ்சி வச்சிருக்கற?"

"அப்படிக் கேக்கக் கூடாது. வேர் ஈஸ் த ஷுகர்?"

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "வேர் ஈஸ் த ஷுகர்?"

"அடுப்புக்குக் கெழக்கால ஜன்னலு. ஜன்னலுக்குத் தெக்கால புதுசா ஒரு ஆணி அடிச்சிருக்குது. அதுல தொங்கற பையில. எறும்பு ஏறாது."

போனைக் காதில் வைத்துக்கொண்டே போனேன். இருந்தது. டீத்தூள் அதற்கு வடக்கால் என்றாள், இருந்தது. அருவாமணை மேற்கு மூலையில் என்றாள், இருந்தது. ஒரு ரைட் இல்லை, ஒரு லெஃப்ட் இல்லை. எங்கள் வீட்டின் நான்கு திக்கையும் அவள் கையில் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாவது மாடியிலிருந்து என்னை நடத்திக்கொண்டிருந்தாள்.

"நான் வச்ச எடம்னு மழையில நனைஞ்சிக்கிட்டுக் கெடந்தீங்களா?" என்றாள். "நான் வந்தா தேடிக்க மாட்டேனா? கட்டிலு அங்கதான் கெடக்கணும், சொல்லிட்டேன். இனிமே தெனமும் நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

போனோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அவளும் வைக்காமல் இருந்தாள். கடைசியில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"வேர் ஆர் யூ?"

படம் பார்த்துப் பதில் சொல்வது போல இன் த ரூம், ஆன் த பெட் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஒங்களுக்குக் கெழக்கால" என்றாள். "கடலத் தாண்டி, கொஞ்சம் தெக்க தள்ளி. லிப்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஜன்னல் இருக்குது, அதுல சூரியன் ஏர்றத ரொம்ப நாளைக்கு முன்னாடியே பாத்து வச்சிட்டேன். தலைய மேக்கால வச்சித்தான் படுக்கறேன், வூட்டுப் பக்கமா."